உள்ளங்கையில் ஓர் அஞ்சல் நிலையம்

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டி. அதன் தலையில் விரல் நீளத்திற்கு ஒரு வான்கம்பி. அது பரப்பும் வானொலி அலையின் திறன் ஏறத்தாழ 10 மில்லி வாட். கைவிளக்கின் சிறு பல்பு எரிவதற்கு வேண்டிய மின்திறனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. இதன் அலை அடுத்த தெருவைத் தாண்டுவதே அரிது. ஆயினும் இப்பெட்டியை மேசைமீது வைத்துக்கொண்டு, கையடக்கமான வானொலிக் கருவி ஒன்றில் பேசுகின்ற அமெச்சூர் வானொலியாளர், கிளாஸ்கோவில் இருப்பவரோடும் ஒசாகாவில் இருப்பவரோடும் உரையாடுகின்றார். இப்பெட்டிக்கு ‘ஹாட்ஸ்பாட்’ என்று பெயர்.

கைபேசியின் இணைய இணைப்பைப் பிற கருவிகளோடு பகிர்ந்துகொள்வதையும் நாம் ஹாட்ஸ்பாட் என்றே சொல்கிறோம். அது வேறு, இது வேறு. இங்கே நாம் காணவிருப்பது, ஊதியத்தையோ வாணிபத்தையோ கருதாமல், அரசின் தேர்வு எழுதி உரிமம் பெற்று, சொந்தமாக வானொலி நிலையம் அமைத்துக்கொள்ளும் ஆர்வலர்களின் கருவி. அவர்களை ‘ஹாம்’ என்று அழைப்பதும் உண்டு. இக்கருவி எங்ஙனம் பிறந்தது, பிறந்தபின் அவர்களுக்குள் ஏன் பிணக்கு எழுந்தது என்பதை அறிய, நாம் ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஒரு வால்வும் ஒரு வழித்துணையும்

1914-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற பொறியாளர் இருந்தார். (இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன் இவர். தந்தை துப்பாக்கி செய்தார். மகன் துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவியைச் செய்தார்!) அவருடைய வீட்டில் ஒரு கிலோவாட் திறனுள்ள தீப்பொறிப் பரப்பி இருந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஓர் ஆர்வலரிடம் ‘ஆடியான்’ வால்வு ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவரை வானொலியில் அழைக்க முயன்றார். இரு நகர்களுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். எனினும் மாக்சிமின் குறிகள் அங்கே எட்டவில்லை. வழியில் விண்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் மற்றோர் ஆர்வலர் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. மாக்சிம் அவருக்குச் செய்தி அனுப்ப, அவர் அதை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அனுப்பினார். வேலை முடிந்தது.

இதிலிருந்து மாக்சிமுக்கு ஒரு யோசனை பிறந்தது. ஒருவர் கைக்கு எட்டாத தூரத்தைப் பலர் கைகோத்தால் எட்டலாம் அல்லவா? அவ்வாண்டிலேயே கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞருடன் சேர்ந்து அவர் தொடங்கிய அமைப்புதான் அமெரிக்க ரேடியோ ரிலே லீக். ரிலே என்பதை நம் வானொலி நிலையங்கள் ‘அஞ்சல்’ என்று அழகாகத் தமிழ்ப்படுத்தியுள்ளன. நாமும் அச்சொல்லையே கொள்வோம்.

அக்காலத்து ஆர்வலர்களுக்கு அஞ்சல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு சட்டமும் காரணம். 1912-இல் அமெரிக்க அரசு இயற்றிய வானொலிச் சட்டம், தனியாரை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குள் ஒதுக்கியது. நெட்டலைகளே தொலைவு செல்லும், குற்றலைகளால் பயனில்லை என்பது அந்நாள் அறிஞர்களின் முடிபு. உதவாக்கரை நிலத்தை உழுதுகொள்ளட்டும் என்று விட்டார்கள் எனலாம்.

அந்நிலம் பொன் விளையும் நிலம் என்று தெரியப் பத்து ஆண்டுகள் ஆயின. 1921 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் அடித்து அமர்ந்த பால் காட்லி என்பவர், அமெரிக்க அமெச்சூர் நிலையங்களின் குறிகளை அட்லாண்டிக் கடலுக்கு இப்பால் கேட்டார். 1923 நவம்பர் இறுதியில் பிரான்சின் லியோன் டெலாயும் அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெல்லும் சுமார் 100 மீட்டர் அலையில் ஒருவருக்கொருவர் மறுமொழி கூறிக்கொண்டனர். 1924 அக்டோபரில் நியூசிலாந்தின் ஆட்டுப்பண்ணைக்காரர் ஃப்ராங்க் பெல், இலண்டன் மில் ஹில் பள்ளியின் மாணவர் செசில் காய்டருடன் தொடர்பு கொண்டார். இடைத் தூரம் 18,000 கிலோமீட்டருக்கும் மேல். நடுவே அஞ்சல் செய்ய ஆளில்லை. வானத்தில் உள்ள அயனி மண்டலமே சிற்றலைகளை வளைத்துத் திருப்பி அனுப்பி, கூலி கேளாத அஞ்சல்காரனாக நின்றது.

அதே 1924-இல்தான் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் ஒரு வானொலிக் கழகத்தைத் தொடங்கி, ஜூலை 31-ஆம் நாள் முதல் ஒலிபரப்பும் செய்தனர் என்பதை இங்கே குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. 1927-இல் பணமுடையால் அது நின்றுபோயிற்று. கழகத்தின் பரப்பியைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது.

குன்றின்மேல் நின்ற நிலையம்

மிகு அதிர்வெண் அலைகளுக்கு, அதாவது 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் போன்ற அலைநீளங்களுக்கு, அயனி மண்டலம் பொதுவாக உதவுவதில்லை. அவை வளையாமல் விண்வெளிக்குச் சென்றுவிடுகின்றன. பூமியின் மேற்பரப்பில் கண்ணுக்கு எட்டும் தூரமே அவற்றிற்கும் எட்டும். ஆனால் இவ்வலைகளுக்கு வான்கம்பி சிறிது, கருவியும் சிறிது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். ஆகவே 1960-களிலும் 1970-களிலும் ஆர்வலர்கள் குன்றுகளின் மேலும் உயர்ந்த கட்டடங்களின் மேலும் ‘ரிப்பீட்டர்’ நிலையங்களை நிறுவினர். ரிப்பீட்டர் ஓர் அதிர்வெண்ணில் கேட்பதை அக்கணமே வேறோர் அதிர்வெண்ணில் உரக்கச் சொல்லும். விண்ட்சர் லாக்ஸ் நண்பர் செய்த வேலையைத் தூக்கமின்றிச் செய்யும் இயந்திரம் அது.

குன்றுக்கு அப்பால் இன்னொரு குன்று. இரண்டையும் இணைப்பது எப்படி? 1997-இல் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த டேவிட் கேமரான் ரிப்பீட்டர்களை இணையத்தின் வழியே இணைக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். 2002-இல் வந்த ‘எக்கோலிங்க்’ என்ற மென்பொருள், கணிப்பொறி முன் அமர்ந்தே தொலைதூர ரிப்பீட்டரில் பேசும் வசதியைத் தந்தது. முதல் பிணக்கு இங்கேதான் எழுந்தது. “கம்பி வழியே போவது வானொலியா?” என்று மூத்தவர்கள் கேட்டனர். அக்கேள்விக்குப் பின்னர் வருவோம்.

குரல் எண்ணாகும் விதம்

இதற்கிடையில் குரலே மாறத் தொடங்கியது. நம் பேச்சின் ஒலியலையை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இலக்கங்களில் எழுதினால், விநாடிக்கு 64,000 இலக்கங்கள் ஆகும். இலக்கம் என்பது இங்கே ஒன்று அல்லது சுழி. தொலைபேசித் துறை பின்பற்றிய கணக்கு இது. குறுகிய வானொலித் தடத்தில் இவ்வளவையும் திணிக்க இயலாது. எனவே ‘குரல் சுருக்கி’ என்னும் நுட்பம் வேண்டும். அது ஒலியலையை அப்படியே அனுப்புவதில்லை. தொண்டை எழுப்பும் சுருதி என்ன, அது ஓசையா வெறும் மூச்சா, வாயின் அமைப்பு அதை எங்ஙனம் மாற்றியது என்பவற்றை மட்டும் குறித்து அனுப்புகின்றது. மறுமுனையில் உள்ள சில்லு அக்குறிப்புகளைக் கொண்டு குரலைப் புதிதாகப் புனைகின்றது. ஓவியத்தை அனுப்பாமல், அதை வரையும் செய்முறையை அனுப்புவதற்கு இதனை ஒப்பிடலாம்.

ஜப்பானிய அமெச்சூர் கழகம் 1998-இல் அந்நாட்டு அரசின் நிதியுதவியுடன் ஆய்வு தொடங்கி, 2001-இல் ‘டி-ஸ்டார்’ என்ற முறையை வெளியிட்டது. அமெச்சூர்களுக்கென்றே வகுக்கப்பட்ட இலக்கமுறைக் குரல் வானொலி இது. இதில் பேச்சு 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டப்படுகின்றது. ஒவ்வொரு துண்டுக்கும் குரலுக்கு 48 இலக்கங்கள், வழியில் நேரும் பிழைகளைத் திருத்த 24, உடன் செல்லும் எழுத்துச் செய்திக்கு 24, ஆக 96. விநாடிக்கு 50 துண்டுகள் என்றால் 4,800 இலக்கங்கள். குரலுக்கு மட்டும் 2,400. 64,000 எங்கே, 2,400 எங்கே! பேசுபவரின் அழைப்புக் குறியும் குரலோடு செல்வதால், யார் பேசுகிறார், யாரைத் தேடுகிறார் என்பதை இயந்திரமே அறியும்.

வாணிப உலகம் தன் வழியில் சென்றது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் 2005-இல் வெளியிட்ட டி.எம்.ஆர். என்ற முறை, ஒரே தடத்தை 30 மில்லி விநாடிக் கூறுகளாகப் பிரித்து, இரண்டு உரையாடல்களை மாறி மாறிச் செல்லவிடுகின்றது. தொழிற்சாலைகளுக்கும் காவற்பணிகளுக்கும் என வந்த இதன் கருவிகள் நாளடைவில் மலிவாகவே, அமெச்சூர்களும் அவற்றை வாங்கினர். 2013-இல் யேசு நிறுவனம் மூன்றாவதாக ஒரு முறையைக் கொணர்ந்தது. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. பேபல் கோபுரம் கட்டியாயிற்று.

அஞ்சல்காரன் கடிதத்தைப் பிரிப்பதில்லை

இலக்கமுறைக் கருவி வாங்கியவருக்கு ஒரு துன்பம் காத்திருந்தது. அவரது ஊரில் அம்முறையில் இயங்கும் ரிப்பீட்டர் இருக்க வேண்டுமே! பெருநகரங்களில் இருக்கலாம். சிற்றூரில் இருப்பவர் விலை கொடுத்து வாங்கிய கருவியை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெருநகரத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாவது மாடியில், கூரைமீது கம்பி கட்டக் கூடாது என்ற விதிக்கு உட்பட்டு வாழ்பவரின் நிலை இதுவே.

குன்றின்மேல் உள்ள ரிப்பீட்டர் நமக்கு எட்டவில்லையெனில், ரிப்பீட்டரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் என்ன? 2010-ஐ ஒட்டி, கணிப்பொறியில் செருகத்தக்க 10 மில்லி வாட் பரப்பி ஒன்று டி-ஸ்டாருக்காக விற்பனைக்கு வந்தது. தனிநபர் ஹாட்ஸ்பாட்டின் முன்னோடி அது. ஆனால் அதற்கெனக் கணிப்பொறி ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மேலும் அது ஒரே மொழி பேசும் கருவி.

இரண்டு தடைகளும் வெவ்வேறு திசைகளிலிருந்து நீங்கின. 2012 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ‘ராஸ்பெரி பை’ என்ற சின்னஞ்சிறு கணிப்பொறி வெளிவந்தது. பள்ளி மாணவர் நிரல் எழுதிப் பழகவேண்டும் என்பது அதன் நோக்கம். விலை 35 டாலர். 2015 நவம்பரில் 5 டாலருக்கு அதன் தம்பி பிறந்தான். 2017 பிப்ரவரியில், கம்பியில்லா இணைய வசதியுடன் 10 டாலருக்கு இன்னொரு தம்பி. மொழித் தடையை நீக்கியவர் ஆங்கிலேய அமெச்சூர் ஜோனதன் நெய்லர். 2015-16-இல் இவர் எழுதி வெளியிட்ட எம்.எம்.டி.வி.எம். என்ற மென்பொருள், வருகின்ற அலையின் தொடக்கத்தில் உள்ள அடையாளக் கோலத்தைக் கண்டு, இது டி-ஸ்டாரா, டி.எம்.ஆரா, யேசுவின் முறையா என்று தானே அறிந்துகொள்ளும். இதை அவர் பூட்டி வைக்கவில்லை. மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்டார். அதைப் பின்பற்றிப் பலர், ஒற்றைச் சில்லில் அடங்கும் பரப்பி-ஏற்பி ஒன்றைக் கொண்டு, அச்சிறு கணிப்பொறியின் முதுகில் ஏறி அமரும் பலகைகளை உருவாக்கினர். இன்று நாம் காணும் பெட்டி இதுவே.

இனி அது வேலை செய்யும் முறையைப் பார்ப்போம். கையிலுள்ள கருவியில் பேசுகிறோம். அதனுள் இருக்கும் சில்லு குரலைச் சுருக்குகிறது. கருவி அதை 70 சென்டிமீட்டர் அலையில் பரப்புகிறது. சில மீட்டர் தள்ளி இருக்கும் ஹாட்ஸ்பாட் அவ்விலக்கங்களைப் பெற்று, உறையிட்டு, முகவரி எழுதி, இணையத்தில் ஒரு பொது வழங்கிக்கு அனுப்புகிறது. அவ்வழங்கி, அதே பேச்சுக் குழுவில் இணைந்துள்ள எல்லா ஹாட்ஸ்பாட்டுகளுக்கும் ரிப்பீட்டர்களுக்கும் அதன் படிகளை அனுப்புகிறது. பிராண்ட்மைஸ்டர் என்ற வலையமைப்பில் 91 என்ற எண்ணைத் தேர்ந்தால் அது உலகப் பொதுக்குழு. மறுமுனை ஹாட்ஸ்பாட் உறையைக் களைந்து, இலக்கங்களை மீண்டும் வானொலி அலையாக்குகிறது. அங்குள்ளவர் கருவியில் குரல் உயிர்பெறுகிறது.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. ஒரே முறையைச் சேர்ந்த இரு கருவிகளுக்கு இடையே நிற்கும் ஹாட்ஸ்பாட், குரலை விரிப்பதே இல்லை. சுருக்கிய வடிவில் வந்ததை அதே வடிவில் தள்ளிவிடுகிறது. கடிதத்தைப் பிரித்துப் படிக்காமலே சேர்ப்பிக்கும் அஞ்சல்காரனைப்போல. டி-ஸ்டாரும் டி.எம்.ஆரும் பயன்படுத்தும் குரல் சுருக்கி ஓர் அமெரிக்க நிறுவனத்தின் தனியுடைமை. அந்தச் சில்லு ஹாட்ஸ்பாட்டுக்குத் தேவைப்படவில்லை. இக்கருவி இவ்வளவு மலிவாகவும் திறந்த மென்பொருளாலும் அமைய முடிந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்பேன்.

சிறிய திறன் என்பதால் கவனம் வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. மலிவான பலகைகளில் அதிர்வெண்ணைக் காக்கும் படிகம் சற்றே பிசகியிருக்கும். 433 மெகா ஹெர்ட்ஸில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 433 ஹெர்ட்ஸ் விலகல். டி.எம்.ஆர். முறையிலோ, நடு அதிர்வெண்ணிலிருந்து 648 ஹெர்ட்ஸ், 1,944 ஹெர்ட்ஸ் என இருபுறமும் விலகும் நான்கு நிலைகளே நான்கு எழுத்துகள். 648 ஹெர்ட்ஸ் அளவுக்குப் பிசகு ஏற்பட்டால், எழுத்து எது என்று பிரித்தறியவே இயலாது. பேச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரக்கும், பின் அறுந்துபோகும். பலகையை வாங்கிய பலர் கருவியையும் இணையத்தையும் ஐயுற்றுத் திண்டாடுவது இதனால்தான். மென்பொருளில் சில நூறு ஹெர்ட்ஸ் திருத்தம் கொடுத்தால் தெளிந்துவிடும். இன்னொன்று, 435 முதல் 438 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி அமெச்சூர் செயற்கைக்கோள்களுக்கு உரியது. விண்ணிலிருந்து வரும் குறி அத்துணை மெலிதாதலால், பக்கத்து வீட்டின் 10 மில்லி வாட்டே அதை மூழ்கடித்துவிடும். அங்கே ஹாட்ஸ்பாட்டை இயக்கலாகாது.

இது வானொலியா?

இப்போது மூத்தவர்களின் கேள்விக்கு வருவோம். முதல் சில மீட்டரும் கடைசிச் சில மீட்டரும் வானொலி, நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பிறருடைய கம்பி என்றால், கைபேசிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? காய்டரும் பெல்லும் பெற்ற வியப்பு இதில் உண்டா?

இல்லை என்பதை ஒப்பத்தான் வேண்டும். அயனி மண்டலத்தின் மனநிலை அறிந்து, விடியலில் எந்த அலை திறக்கும், அந்தியில் எது மூடும் என்று காத்திருந்து பெறும் தொடர்பு வேறு வகை. ஆனால் சர்வதேச வானொலி விதிகள் அமெச்சூர் பணிக்கு வகுத்த இலக்கணம் தூரத்தைப் பற்றியது அன்று. தற்பயிற்சி, ஒருவரோடொருவர் தொடர்பு, தொழில்நுட்ப ஆய்வு என்ற மூன்றையே அது சொல்கிறது. பிழை திருத்தும் இலக்கங்களையும் படிகத்தின் பிசகையும் தம் மேசையில் கற்றுக்கொள்ளும் மாணவர், அன்று தீப்பொறிச் சுருள் சுற்றியவருக்கு எவ்வகையில் குறைந்தவர்? கம்பி கட்ட இடமில்லாதவருக்கு இதுவே வாயில் என்பதையும் மறத்தல் ஆகாது.

எனினும் மூத்தவர்கள் பக்கம் ஒரு வலுவான சான்று உண்டு. 2004 டிசம்பர் தொடக்கத்தில் ஐதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று, பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்குச் சென்றது. பதினேழு ஆண்டுகளாக அத்தீவுகளிலிருந்து அமெச்சூர் ஒலி எழவில்லை. ஆகவே உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அவர்களோடு ஒரு சொல் பேசத் தவம் கிடந்தனர். டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கியது, கடல் பொங்கியது. தொலைபேசிகள் ஓய்ந்தன. பொழுதுபோக்காக அமைத்த அந்தச் சிற்றலை நிலையம், போர்ட் பிளேரிலிருந்து பெருநிலத்திற்குச் செய்தி சொல்லும் குரலாயிற்று. உற்றார் உயிரோடு உள்ளனரா என்று ஏங்கிய எத்தனையோ குடும்பங்களுக்கு அதன் வழியே மறுமொழி கிட்டியது. அன்று அவர்களிடம் இருந்தவை ஒரு பரப்பி, ஒரு கம்பி, தலைக்கு மேல் அயனி மண்டலம். இவற்றில் எதற்கும் வழங்கி தேவையில்லை, கடலடிக் கேபிள் தேவையில்லை. அவ்விடத்தில் ஹாட்ஸ்பாட் மட்டும் இருந்திருக்குமானால் அது இணையம் அறுந்த கணத்திலேயே ஊமையாகியிருக்கும்.

ஆதலின் ஹாட்ஸ்பாட் வாங்குபவர் சிற்றலைக் கருவியை விற்றுவிட வேண்டாம் என்றே நான் சொல்வேன். அவசரக் காலத் தொடர்புக்கு இது பொருந்தாது.

தூரத்தைவிட எனக்கு உறுத்தலாகத் தோன்றுவது வேறொன்று. தம் கருவியின் ஒவ்வோர் உறுப்பையும் பிரித்துப் பார்த்துப் பழகிய மரபில், குரலைச் சுருக்கும் சில்லு மட்டும் பூட்டிய பெட்டியாக நுழைந்தது. உள்ளே நடப்பதைக் கற்கவோ மாற்றவோ அமெச்சூருக்கு இடமில்லை. இதை ஏற்காத ஆஸ்திரேலியர் டேவிட் ரோ, எவரும் படித்துத் திருத்தத்தக்க ‘கோடெக் 2’ என்ற குரல் சுருக்கியைத் தாமே எழுதத் தொடங்கினார். 2012-இல் அது சிற்றலையில் பேசும் ஒரு மென்பொருளாகவும் வந்தது. 2019-இல் போலந்தின் அமெச்சூர்கள் அதே சுருக்கியைக் கொண்டு, எவருடைய உரிமையும் குறுக்கிடாத எம்17 என்ற முறையை வகுக்க முற்பட்டனர். இதில் விநாடிக்கு 3,200 இலக்கங்களில் குரல் செல்கின்றது. இதற்கான கருவிகள் சிலவற்றை ஆர்வலர்களே செய்துகொள்கின்றனர். வேறு சிலர் கடையில் வாங்கிய டி.எம்.ஆர். கருவியைத் திறந்து, சில கம்பிகளை மாற்றிப் பற்றுவைத்து, உள்ளிருக்கும் நிரலையும் மாற்றி எம்17 பேச வைக்கின்றனர். எம்.எம்.டி.வி.எம். மென்பொருளிலும் எம்17 சேர்க்கப்பட்டுவிட்டது. முன்னரே ஹாட்ஸ்பாட் வைத்திருப்பவர் அதற்கெனப் புதிய பலகை வாங்க வேண்டியதில்லை. மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டால் போதும்.